ஜெனரேட்டர் புகைச்சூடு எத்தனை டிகிரி? குறைஞ்ச செலவுல அளந்து ட்யூன் பண்றது

[காட்சி: சின்ன பெட்ரோல் ஜென்செட் ஓடுது. சைலன்சர் வளைவுல மெல்லிசா ஒரு கம்பி நுழைஞ்சிருக்கு. பக்கத்துல மீட்டர்ல 662.]

குரல்: வணக்கம். கரண்ட் போனா ஸ்டார்ட் பண்ற 2 கே.வி.ஏ. பெட்ரோல் ஜென்செட், லோடு போட்டா திணறுது, பிளக்ல கரி பிடிக்குது. உடனே கார்புரேட்டரைக் கழட்டுவாங்க. அதுக்கு முன்னாடி வெளியே வர்ற புகையோட சூட்டை அளந்துடுங்க. உள்ளே எரியற கலவையில பெட்ரோல் அதிகமா, அதாவது ரிச்சா, இல்ல காத்து அதிகமா, அதாவது லீனானு அது சொல்லும். ரெண்டாயிரம் ரூபாய்க்குள்ள வேலை முடியும்.

துப்பாக்கி மாதிரி இருக்கற ஐ.ஆர். தெர்மாமீட்டரை எடுக்காதீங்க. அது காட்டறது குழாய்த் தோலோட சூடு. அந்தத் தோல்ல காத்து அடிச்சுக்கிட்டே இருக்கு. பளபளப்பான இரும்புன்னா அந்த எண்ணும் பொய். மலிவான மாடல் பலது 400 டிகிரியைக்கூடத் தாண்டாது.

[காட்சி: மேஜையில ரெண்டு ப்ரோப்.]

குரல்: வேண்டியது கே-டைப் தெர்மோகப்பிள், அதாவது ரெண்டு வேற வேற உலோகக் கம்பியை நுனியில சேர்த்து சூட்டை அளக்கற சென்சர். பெங்களூரு எஸ்.பி. ரோடுல "டெம்பரேச்சர் சென்சர் செட்"னு கேட்டா, மேக்ஸ் 6675 மாட்யூலோட (சென்சர் சிக்னலை எண்ணா மாத்தற சின்ன போர்டு) போல்ட் மாதிரி எம்6 மரை போட்ட ஒரு ப்ரோப்பும் கொடுப்பாங்க. மாட்யூல் நல்லது, ஆனா அந்த ப்ரோப் புகைக்கு ஆகாது. அதோட கண்ணாடி நூல் உறை 400 டிகிரியோட சரி. தூக்கிப் போட வேணாம், பின்னாடி அதுக்கும் வேலை இருக்கு.

புகைக்குள்ள போறதுக்கு எம்.ஐ. வகை ப்ரோப் வேணும், அதாவது உலோக உறைக்குள்ள கனிமப் பொடி அடைச்சது: 3 மில்லிமீட்டர் கனம், உறை 310 கிரேடு ஸ்டீல் இல்லன்னா சூடு தாங்கற இன்கோனல் உலோகம். பீன்யா பக்கம் தெர்மோகப்பிள் செஞ்சு கொடுக்கற பட்டறையில நீளம் சொல்லி வாங்கலாம். கேக்கும்போது "அன்கிரவுண்டட்"னு சொல்லுங்க. நுனி உறையோட ஒட்டியிருந்தா, எஞ்சின் எர்த் வழியா ஸ்பார்க் இரைச்சல் மீட்டருக்குள்ள வந்துடும்.

மீட்டருக்கு ரெண்டு வழி. கே-டைப் சொருகற மல்டிமீட்டர் இருந்தா அதுவே போதும். இல்லன்னா மேக்ஸ் 6675-ஐ ஆர்டுயினோ நானோங்கற, புரோகிராம் ஏத்தற சின்ன போர்டுல மாட்டுங்க. 1,023 டிகிரி வரை, கால் டிகிரி நுணுக்கத்துல படிக்கும். புரோகிராம்ல ஒரு பொறி இருக்கு. அந்தச் சிப் ஒரு தடவை அளக்கறதுக்கு 0.22 செகண்ட் வரை ஆகும். அதுக்குள்ள திரும்பத் திரும்பக் கேட்டா அளவு நடுவுல நின்னு, எண் உறைஞ்ச மாதிரி அசையாது. அரை செகண்டுக்கு ஒரு தடவை கேளுங்க, போதும்.

[காட்சி: கொதிக்கற தண்ணிப் பாத்திரம். மீட்டர்ல 97.]

குரல்: மாட்டறதுக்கு முன்னாடி சோதனை. நொறுக்கின ஐஸும் தண்ணியும் கலந்த டம்ளர்ல 0 காட்டணும். கொதிக்கற தண்ணியில எவ்வளவு? 100னு சொன்னா நீங்க சென்னைக் கணக்கு போடறீங்க. பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல சுமார் 920 மீட்டர் உயரம். இங்க தண்ணி 97-லயே கொதிக்கும். மூணு டிகிரி குறையுதேன்னு ப்ரோப்பைத் திருப்பிக் கொடுக்கப் போயிடாதீங்க.

சூடாக்கினா எண் கீழே இறங்குதா? ரெண்டு கம்பியும் மாறியிருக்கு. கலரை நம்ப முடியலன்னா காந்தம் வைங்க: காந்தம் இழுக்கற கம்பி நெகடிவ். நீளம் பத்தலன்னு சாதாரண செப்பு ஒயரை ஒட்டுப் போடாதீங்க. ஒட்டின இடம் 60 டிகிரியிலயும் மாட்யூல் 30-லயும் இருந்தா, மீட்டர் 30 டிகிரி குறைச்சுக் காட்டும். கே-டைப் நீட்டிப்பு ஒயரே வாங்குங்க. மாட்யூல் மேல எஞ்சின் ஃபேனோட சூடான காத்து படக் கூடாது.

[காட்சி: சைலன்சர் வளைவைக் கழட்டி ஓட்டை போடறது.]

குரல்: ஓட்டை எங்கே? எக்ஸாஸ்ட் போர்ட்டுல இருந்து 3 முதல் 5 சென்டிமீட்டர்குள்ள. தள்ளிப் போகப் போக குழாய் சூட்டைத் தின்னுடும். வளைவைக் கழட்டின பிறகுதான் டிரில் பண்ணணும். மாட்டி வெச்சபடியே போட்டா இரும்புத் தூள் வால்வுப் பக்கம் போகும். குழாய்த் தகடு மெல்லிசு, அதுல மரை நிக்காது. அதனால வெளியே ஒரு எம்8 நட்டை வெல்டு வைங்க. ஒரு எம்8 போல்ட்டுக்கு நடுவுல, லேத்துல 3.2 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு வாங்கினா அதுதான் ப்ரோப்பைப் பிடிக்கற பிடி. கம்ப்ரெஷன் ஃபிட்டிங் கிடைச்சா இன்னும் நல்லது. நுனி குழாயோட நடுவுல நிக்கணும்: உள் விட்டம் 25 மில்லிமீட்டர்னா சுவர்ல இருந்து 12, 13.

கேஸ்கெட் புதுசு போடுங்க. ஒத்தை சிலிண்டர்ல புகை விட்டு விட்டு வரும். நடுவுல குழாய்க்குள்ள அழுத்தம் இறங்கும்போது, லீக் இருக்கற இடத்துல வெளிக்காத்து உள்ளே போய் ப்ரோப்பைக் குளிர வெச்சுடும். எண் குறைவா வரும், நீங்க எஞ்சின் ரிச்சுன்னு ஏமாந்துடுவீங்க. இதையெல்லாம் திறந்த வெளியில பண்ணுங்க. மாடிப்படிக்குக் கீழேயோ பார்க்கிங் மூலையிலயோ வேணாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

[காட்சி: பிளாஸ்டிக் பக்கெட்ல வாட்டர் ஹீட்டர் ராடு. பக்கத்துல 500 வாட் ஹாலஜன்.]

குரல்: லோடு நிலையா இருக்கணும். ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் ஏறி இறங்கும். 1,000 வாட் ராடும் 500 வாட் ஹாலஜனும் சேர்ந்தா 1,500 வாட், கிட்டத்தட்ட முக்கால் லோடு. 20 லிட்டர் தண்ணி 25 டிகிரியில இருந்து கொதிக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும், சோதனைக்குத் தாராளம். ராடு ஓடும்போது தண்ணியில கை வைக்காதீங்க.

ஏர் ஃபில்டர், பிளக், வால்வு இடைவெளி மூணையும் முதல்ல சரி பண்ணிடுங்க. பத்து நிமிஷம் ஓடவிட்டு, லோடு இல்லாம ஒரு தடவை, 500, 1,000, 1,500-னு ஏத்தி ஏத்தி எழுதுங்க. ஒவ்வொண்ணுலயும் மூணு நிமிஷம் நில்லுங்க. அரை நிமிஷத்துல 5 டிகிரிக்கு மேல நகரலன்னா எண் நின்னுடுச்சு. வோல்ட்டும் ஹெர்ட்ஸும் கூடவே எழுதுங்க. லோடு இல்லாம 400, 500. முழு லோடுல 650-ல இருந்து 750, இந்த அளவுல வரும். ப்ரோப் கொஞ்சம் இடம் மாறினாலே 50 டிகிரி மாறும். அதனால அடுத்தவங்க எண்ணோட ஒப்பிட்டுப் பயன் இல்ல.

[காட்சி: வரைபடம், மலை மாதிரி வளைவு. உச்சிக்கு இடது பக்கம் "ரிச்", வலது பக்கம் "லீன்".]

குரல்: பலர் தடுக்கி விழற இடம் இதுதான். "சூடு அதிகம்னா லீன், கம்மின்னா ரிச்"னு சொல்றது பாதி உண்மை. பெட்ரோலும் காத்தும் ஏறக்குறைய சரியான அளவுல இருக்கும்போது சூடு உச்சத்துல இருக்கும். அங்கிருந்து ரிச் பக்கம் போனாலும் குறையும், லீன் பக்கம் போனாலும் குறையும். 640னு ஒரு எண்ணை வெச்சு எந்தப் பக்கம்னு சொல்லவே முடியாது.

அதைச் சொல்றது சோக், கார்புரேட்டருக்குள்ள போற காத்தை மறிக்கற தகடு. முக்கால் லோடுல சோக்கைக் கொஞ்சமா மூடுங்க. மூடினா கலவை ரிச்சாகும். சூடு இறங்கினா ஏற்கனவே ரிச் பக்கம் இருக்கு. ஏறினா லீன் பக்கம். ஏறி, உச்சி தொட்டு, இறங்குச்சுன்னா அந்த உச்சி எண்ணை எழுதிக்கோங்க, அதுதான் உங்க எஞ்சினோட அளவுகோல்.

எங்கே நிறுத்தணும்? காத்துல குளிர்ற எஞ்சின் உச்சியில ஓடக் கூடாது. உச்சிக்கு 50 டிகிரி கீழே, ரிச் பக்கம். உச்சி 720னா 670. எந்த மெயின் ஜெட் (கார்புரேட்டர்ல லோடுக்குப் போற பெட்ரோலை அளந்து விடற, நடுவுல ஓட்டை உள்ள சின்னத் திருகு) போட்டா சோக் முழுசாத் திறந்த நிலையில அந்த எண் வருதோ, அதுதான் ஜெட். ஐடில் ஸ்க்ரூவைத் திருகி லோடுல ஒண்ணும் மாறாது.

இப்போ பெங்களூருக் கணக்கு. இந்த உயரத்துல காத்தோட அடர்த்தி 8, 9 சதவீதம் குறைவு. அதனால கடல் மட்டத்துக்கு வெச்ச கார்புரேட்டர் இங்க 4 சதவீதம் சொச்சம் ரிச்சா ஓடும். இதை மட்டும் பார்த்து ஜெட்டைச் சின்னதாக்கச் சொல்ற மெக்கானிக் உண்டு. ஆனா 2023 பிப்ரவரியில இதே ஊர்லதான் இ20 பெட்ரோலை அறிமுகப்படுத்தினாங்க. இருபது சதவீத எத்தனால் கலந்தா, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வெச்ச பழைய கார்புரேட்டர் 7, 8 சதவீதம் லீனாகும். ரெண்டும் எதிரெதிர் திசை. கூட்டிக் கழிச்சா 3 சதவீதம் லீன். ஜெட் விட்டத்துல அது ஒன்றரை சதவீதம்தான், 0.70 மில்லிமீட்டருக்கு 0.71. பழைய ஜென்செட்டுக்கு ஜெட்டைத் தொடவே தேவையில்லாம போகலாம். அதே மெஷினை சென்னைக்குக் கொண்டுபோனா உயரத்தோட உதவி போயிடும், முழு 7, 8-ம் லீன். அங்கே திரும்ப அளக்காம முழு லோடு போடாதீங்க.

ஜெட்டை மாத்தியும் சூடு அசையலையா? பிரச்சினை ஜெட்ல இல்ல. ஃப்ளைவீல் கீ நசுங்கி ஸ்பார்க் தாமதமானாலும், எக்ஸாஸ்ட் வால்வு சரியா உட்காரலன்னாலும் சூடு ஏறும். எண் 30, 40-னு தாவிக்கிட்டே இருந்தா, ப்ரோப் ஒயரை பிளக் ஒயர்ல இருந்து ஒரு சாண் தள்ளி வைங்க.

[காட்சி: எம்6 ப்ரோப்பை சிலிண்டர் ஹெட் பக்கம் இறுக்கறது.]

குரல்: ஒதுக்கி வெச்ச எம்6 ப்ரோப்பை ஹெட்ல இருக்கற ஒரு எம்6 மரையில மாட்டுங்க. புது ஜெட்டோட முழு லோடுல அரை மணி நேரம் ஓடவிட்டு, ஹெட் சூடு பழசை விட எவ்வளவு ஏறுதுன்னு பாருங்க. ஏறிக்கிட்டே போனா ஒரு சைஸ் பெரிய ஜெட்டுக்குத் திரும்புங்க.

வேலை முடிஞ்சதும் ப்ரோப்பை எடுத்துட்டு, அந்த நட்டுல செப்பு வாஷரோட ஒரு எம்8 போல்ட்டை இறுக்கிடுங்க. மரையில கொஞ்சம் ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவினா, அடுத்த தடவை போல்ட் உள்ளேயே முறியாம கழண்டு வரும்.