வீட்டைத் தொடாமல் நிற்கும் ஆன்டெனா

நேயர்களுக்கு வணக்கம். ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காகச் செய்யும் வானொலித் தொடர்பு, பற்றி யார் பேச வந்தாலும் கடைசியில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "உயரமா ஒரு ஆன்டெனா வைக்கணும், ஆனா வீட்டுச் சுவர்ல கை வைக்கக்கூடாது, எப்படி?" அதை மட்டும் இன்று பேசிவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

என்னுடைய முதல் கம்பம் வீட்டுச் சுவரில்தான் இருந்தது. இரண்டு கிளாம்ப், நான்கு போல்ட், மேலே 50 மில்லிமீட்டர் குழாய். பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி லேசாகக் காற்று அடிக்க ஆரம்பித்தால் படுக்கையறைச் சுவர் முனகும். காதால் கேட்பதைவிட, தலையணையில் காதை வைத்தால் உள்ளே அதிர்வாகத் தெரியும். காற்று ஒரு உருண்டைக் குழாயைத் தாண்டிப் போகும்போது குழாயின் பின்பக்கம் இடதும் வலதுமாக மாறி மாறிச் சுழல்கள் கழன்று போகின்றன, ஒவ்வொன்றும் குழாயை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகும். 50 மில்லிமீட்டர் குழாயில் மணிக்கு 18 கிலோமீட்டர் காற்று பட்டால் வினாடிக்கு ஏறக்குறைய 20 ஜோடிச் சுழல்கள். அந்தத் தட்டுகள் எல்லாம் போல்ட் வழியாகச் சுவருக்குப் போய்க்கொண்டே இருந்தன. ஒரு மழைக்காலம் முடிந்தபோது போல்ட்டைச் சுற்றி மயிரிழைபோல் ஒரு விரிசல், அதன் கீழே நீர் இறங்கிய கறை. அதோடு கம்பத்தை வீட்டிலிருந்து பிரித்துவிட்டேன்.

பிரித்ததில் நான் எதிர்பார்க்காத ஒரு லாபமும் கிடைத்தது. இன்றைக்கு ஒரு வீட்டுக்குள் இருக்கும் எல்.இ.டி. விளக்கு, போன் சார்ஜர், டிவி பெட்டி எல்லாமே சிற்றலையில் இரைச்சலைக் கக்கிக்கொண்டிருக்கும் சாதனங்கள். ஆன்டெனாவைப் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி வைத்ததுமே 7 மெகாஹெர்ட்ஸில் அந்த உறுமல் அடங்கி, அதற்கு அடியில் இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்த மெலிந்த குரல்கள் மேலே வந்தன. சுவர் பிரச்சினை இல்லாதவர்கள்கூட இதற்காகவே தள்ளி வைக்கலாம்.

சரி, எவ்வளவு உயரம்? 7 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீள நிமிர்ந்த ஆன்டெனா என்றால் 10 மீட்டர் போதும், 14 மெகாஹெர்ட்ஸுக்கு 5 மீட்டர். இவற்றில் உயரம் என்பது ஆன்டெனாவின் நீளமேதான், பாக்கி வேலை தரையில் விரிக்கும் ரேடியல் கம்பிகளுடையது. வி.எச்.எஃப்., அதாவது சிற்றலையைவிட உயர்ந்த அதிர்வெண் வரிசை, வேறு மாதிரி. அங்கே உயரம்தான் தூரம். ஆனால் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் வானொலித் தொடுவானம் 1.4 மடங்குதான் தள்ளிப்போகும்: 6 மீட்டரில் சுமார் 10 கிலோமீட்டர், 12 மீட்டரில் சுமார் 14. கடைசி மூன்று மீட்டருக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளுமுன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அடுத்து எல்லோரும் சொல்வது, "குழி தோண்டிக் கான்கிரீட் போட்டு நட்டால் தனியா நின்னுடாதா?" என்பது. சின்னக் கம்பம் நிற்கும். 12 மீட்டர் நிற்காது, ஏன் என்று சொல்கிறேன். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளு நான்கு மடங்காகும். மணிக்கு 72 கிலோமீட்டரில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 25 கிலோ, 144 கிலோமீட்டரில் சுமார் 100 கிலோ. 50 மில்லிமீட்டர் குழாய் 12 மீட்டர் உயரம் என்றால் அந்தப் புயலில் வெறும் குழாய்மேல் மட்டுமே 70 கிலோ அளவுக்குத் தள்ளு விழும், ஆன்டெனாவைச் சேர்க்கவே இல்லை. நீங்கள் ஒரு மீட்டர் கனசதுரத்துக்குக் கான்கிரீட் போட்டிருந்தால் அது 2400 கிலோ எடையோடு அசையாமல் அப்படியே இருக்கும். 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய்தான் கான்கிரீட்டுக்கு மேலே மடங்கிவிடும். எதுவும் கட்டாமல் தானாக நிற்கவேண்டுமென்றால் அதற்கென்றே வடிவமைத்த பின்னல் கோபுரம் வேண்டும், அதற்குரிய அஸ்திவாரக் கணக்கும் வேண்டும். அது பொறியாளர் வேலை.

நம்மைப் போன்றவர்களுக்கு வழி ஸ்டே கம்பிதான், அதாவது கம்பத்தைச் சுற்றிலும் தரைக்கு இழுத்துக் கட்டும் கம்பி அல்லது கயிறு. கம்பத்தை நிமிர்த்தி வைத்திருப்பது குழாய் என்று நினைக்கிறோம். குழாய் எடையைத் தாங்குகிறது, அவ்வளவுதான், நிமிர்த்தி வைப்பது ஸ்டேயும் மண்ணும். வாங்கும்போது மட்டும் குழாய்க்குப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்துவிட்டு, கயிற்றுக்கு வந்ததும் பரணில் கிடப்பதை எடுத்துவருகிறோம்.

ஸ்டேயை எவ்வளவு தள்ளிக் கட்டுவது என்பதில்தான் பலர் இடத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். உச்சியில் காற்று 50 கிலோ பக்கவாட்டில் தள்ளுகிறது என்று வையுங்கள். ஸ்டேயைத் தரையில் கட்டும் முளையைக் கம்பத்தின் உயரத்துக்குச் சமமான தூரத்தில் அடித்திருந்தால் கம்பியில் 71 கிலோ இழுவை வரும். மூன்றில் இரண்டு பங்கு தூரம் என்றால் 90 கிலோ, அதுவும் பரவாயில்லை. கால் பங்கு தூரம்தான் இருக்கிறது என்று அங்கேயே அடித்தால் 206 கிலோ, அதில் 200 கிலோ கம்பத்தைத் தலையிலிருந்து கீழே அழுத்தும், மெல்லிய குழாய் நடுவில் வளைந்து உட்கார்ந்துவிடும். ஆகவே மூன்றில் இரண்டு பங்கை நான் விட்டுக்கொடுப்பதில்லை. இடம் இல்லையென்றால் தூரத்தைக் குறைக்காதீர்கள், உயரத்தைக் குறையுங்கள். 12 மீட்டருக்குச் சுற்றிலும் எல்லாப் பக்கமும் 8 மீட்டர் காலி இடம் இல்லாதவருக்கு 7 மீட்டர் கம்பம் ஒழுங்காக நிற்கும், சந்தோஷமாகப் பேசலாம். 12 மீட்டருக்கு இரண்டு மட்டங்களில் கட்டவேண்டும், பாதி உயரத்தில் ஒன்று, உச்சிக்குச் சற்றுக் கீழே ஒன்று.

முளை என்பது மண்ணைப் பொறுத்தது. கெட்டியான மண்ணில் ஒரு மீட்டருக்கு மேல் நீளமான இரும்புக் கோணத்தை, தலை கம்பத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்படி அடித்தால் சின்னக் கம்பத்துக்குத் தாங்கும். மணலிலும் மழைக்கு இளகும் மண்ணிலும் அதை நம்பாதீர்கள். அங்கே ஒரு மீட்டர் ஆழத்தில் பள்ளம் வெட்டி, ஒரு குழாயைப் படுக்கவைத்து, அதன் நடுவில் கட்டிய இரும்புக் கம்பியை ஸ்டேயின் சாய்விலேயே மேலே கொண்டுவந்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இடித்து மூடவேண்டும். மேலே இருக்கும் மண்ணின் எடை முழுவதும் உங்களுக்காக உழைக்கும். மரத்தில் கட்டாதீர்கள், மரம் காற்றில் ஆடும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கம்பத்தை இழுக்கும்.

கயிறு பற்றி இரண்டு வார்த்தை. நைலான் இழுபடும், நனைந்தால் இன்னும் தளரும். பாலிப்ரொப்பிலீன் வெயிலில் பொடிப்பொடியாக உதிரும். கையில் தேய்த்துப் பாருங்கள், பஞ்சு மாதிரி தூள் ஒட்டினால் அதன் கதை முடிந்தது. வெயில் தாங்கும் பாலியெஸ்டர் கயிறு லேசான கம்பத்துக்கு அருமையானது, மின்சாரம் கடத்தாததால் ஆன்டெனாவையும் தொந்தரவு செய்யாது. இரும்புக் கம்பியே வேண்டும் என்றால் நடுநடுவே முட்டை இன்சுலேட்டர், அதாவது மின்சாரம் கடத்தாத முட்டை வடிவப் பீங்கான், போட்டுத் துண்டாக்குங்கள். அதில் இரண்டு கம்பியும் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும்படி கட்டவேண்டும், அப்போது பீங்கான் உடைந்தாலும் ஸ்டே அறுந்துவிடாது. கம்பியின் மடித்த நுனியைப் பிடிக்கும் யூ-கிளாம்ப் போடும்போது அடிப்பகுதி, அதாவது தடித்த பக்கம், இழுவை தாங்கும் நீளக் கம்பியின்மேல் உட்காரவேண்டும். வளைந்த யூ பகுதி மடித்துவந்த வால்மேல். மாற்றிப் போட்டால் யூ, சுமை தாங்கும் கம்பியையே நசுக்கி வைக்கும், வெளியே பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஸ்டேயை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளை முறுக்கி முடித்ததும் அதன் நடுத்துளை வழியாக ஒரு கம்பியைக் கோத்துக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் காற்றின் அதிர்வில் அது தானாகவே திரும்பிக் கழன்றுவிடும்.

ஸ்டே விஷயத்தில் பெரியவர்களே சறுக்கியிருக்கிறார்கள். மார்கோனி 1901-ல் இங்கிலாந்தின் போல்டுவில் 200 அடி உயரத்தில் 20 கம்பங்களை வட்டமாக நிறுத்தினார். ஒவ்வொன்றையும் தனித்தனியாக நான்கு பக்கமும் தரைக்கு இழுத்துக் கட்டாமல், பக்கத்துக் கம்பங்களோடு உச்சியில் பிணைத்திருந்தார்கள். அந்த செப்டம்பரில் அடித்த புயலில் வட்டம் முழுவதும் சரிந்தது. போலந்தில் 646 மீட்டர் உயரத்தில் நின்ற வார்சா வானொலிக் கம்பம் 1991 ஆகஸ்ட் 8 அன்று விழுந்தது, அது அப்போது உலகிலேயே உயரமான கட்டமைப்பு. அன்று புயல் இல்லை, ஸ்டே கம்பிகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆகவே ஒரு ஸ்டேயை மாற்றவேண்டுமென்றால், முதலில் அதே இடத்தில் தற்காலிகக் கயிறு ஒன்றைக் கட்டி இறுக்கிவிட்டுத்தான் பழையதில் கை வையுங்கள், உங்கள் கம்பம் ஆறு மீட்டராக இருந்தாலும்.

அப்புறம், தூக்குவது. நான் இரண்டாவது கம்பத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டு போனபோது மூத்த நண்பர் ஒருவர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "ஏத்துறது இருக்கட்டும் தம்பி, எப்படி இறக்குவேன்னு முதல்ல சொல்லு" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. திட்டம் முழுவதையும் மாற்றிப் போட்டேன்.

இறக்கக்கூடிய கம்பம் என்றால் அடியில் ஒரு கீல் வேண்டும், ஸ்டே மூன்று திசைக்குப் பதில் நான்கு திசை வேண்டும். கீலின் அச்சை இரண்டு பக்கமும் நீட்டினால் அந்தக் கோட்டின்மேலேயே பக்கவாட்டு முளைகள் இரண்டும் இருக்கவேண்டும், கீலின் மட்டத்திலேயே இருக்கவேண்டும். அப்படி அமைந்தால் கம்பம் படுத்திருந்தாலும் நின்றாலும் அந்த இரண்டு ஸ்டேயின் நீளம் மாறாது, ஏறும் வழி முழுக்கக் கம்பத்தைப் பக்கவாட்டில் சாயவிடாமல் பிடித்துக்கொண்டே வரும். முளை ஒரு சாண் தாழ்ந்திருந்தால்கூட வித்தியாசம் தெரியும்: நிமிர நிமிர ஸ்டே இறுகும், படுத்தால் தொய்யும். பின்பக்க ஸ்டேயை முன்கூட்டியே அளந்து கட்டிவைத்தால் கம்பம் நிமிர்ந்ததும் அந்தப் பக்கம் தாண்டி விழாமல் நிறுத்தும். இழுக்கும் கயிற்றுக்கு, கம்பத்தின் அடியில் செங்குத்தாக இன்னொரு சிறு கம்பம் வைக்கவேண்டும், கம்பத்தின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது. அது இல்லாமல் படுத்திருக்கும் கம்பத்தைத் தரையோடு தரையாக இழுத்தால் கம்பம் எழும்பாது, எல்லா விசையும் கீலுக்குத்தான் போகும். முதல் ஒரு அடி எழும்புவதுதான் இருப்பதிலேயே கடினம், அங்கே நிறுத்தி எல்லா முடிச்சையும் ஒருமுறை பாருங்கள். கட்டளை ஒருவர் மட்டும் கொடுக்கட்டும். குழந்தைகள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கம்பத்தின் நீளத்துக்கு அப்பால்.

இதையெல்லாம்விட முன்னதாகச் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது, அதைக் கடைசியில் சொன்னால் நன்றாக மனதில் நிற்கும் என்று வைத்திருந்தேன். குழி தோண்டுவதற்குமுன் அண்ணாந்து பாருங்கள். மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது, வீட்டுக்குள் வரும் சர்வீஸ் கம்பி எங்கே. கம்பத்தின் அடிக்கும் மின்கம்பிக்கும் இடையே கம்பத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் இருக்கட்டும். எந்தப் பக்கம் விழுந்தாலும் தொடக்கூடாது, இழுத்துக்கொண்டு விழும் ஆன்டெனாக் கம்பியும் தொடக்கூடாது. ஃபைபர் குழாய்தானே என்று அலட்சியம் வேண்டாம், அதற்குள் ஓடுவது செம்புக் கம்பி. ஆன்டெனா வேலையில் உயிர் போகும் விபத்துகளில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது, அந்த இடைவெளி இல்லாத இடத்தில் கம்பமே வேண்டாம் என்பதுதான் என் முடிவு.

எர்த். கம்பத்தின் அடியில் ஒரு எர்த் ராடு, கேபிள் வீட்டுக்குள் நுழையுமிடத்தில் மின்னல் தடுப்பான், அந்த எர்த்தையும் வீட்டு மின்சார எர்த்தையும் தடித்த செம்புக் கம்பியால் இணைப்பது. தனித்தனியாக விட்டால் பக்கத்தில் இடி விழும்போது இரண்டுக்கும் நடுவில் எழும் மின்னழுத்தம் உங்கள் ரேடியோ வழியாகத்தான் பாயும். நேராக மின்னல் இறங்கினால் எதுவும் உத்தரவாதம் இல்லை, வானம் இருண்டால் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

கம்பம் தள்ளிப் போனதால் கேபிள் நீளும். 30 மீட்டருக்கு ஆர்.ஜி.-58 என்ற மெல்லிய கேபிள் போட்டால் 7 மெகாஹெர்ட்ஸில் முக்கால் பங்கு சக்தி போய்ச் சேரும், குறையில்லை. அதே கேபிளில் 145 மெகாஹெர்ட்ஸ் அனுப்பினால் கால் பங்குதான் சேரும். அங்கே தடித்த கேபிள் வாங்கித்தான் ஆகவேண்டும்.

என் கம்பம் இப்போது வீட்டிலிருந்து 14 மீட்டர் தள்ளி நிற்கிறது. மாதம் ஒருமுறை ஒவ்வொரு ஸ்டேயையும் விரலால் சுண்டிப் பார்ப்பேன், நான்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி அதிரவேண்டும். ஒன்று மந்தமாக அதிர்ந்தால் நேராக அதன் முளையைப் போய்ப் பார்ப்பேன். புயல் வருகிறது என்று செய்தி வந்தால் நானும் வீட்டில் இன்னொருவருமாகப் போய் முன்ஸ்டேயை அவிழ்த்து இழுகயிற்றில் மாட்டி, மெதுவாகக் கம்பத்தைப் படுக்கவைத்து, தரையோடு கட்டிவிட்டு வருவோம். அரைமணி நேரம் ஆகும். அன்றைக்கு ராத்திரி சுவர் முனகுவதில்லை.

வணக்கம்.