கொசுவமும் பாராசூட்டும்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் டெல்லி ஆர்.கே. புரத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு மத்திய அரசில் வேலை. சொந்த ஊர் ராசிபுரம் பக்கம். வாரத்தில் ஐந்து நாள் ஓர் அலுவலகத்தில் தணிக்கைக் கணக்குப் பார்க்கிறேன். லீவு கிடைக்கும்போது விமானத்திலிருந்து குதிக்கிறேன். இதுவரை 31 தடவை குதித்திருக்கிறேன். ஆயிரக்கணக்கில் குதித்தவர்கள் இருக்கிற விளையாட்டு இது, அந்தக் கணக்கில் நான் ஒன்றாம் வகுப்பு. ஆனாலும் மலை மந்திர் முருகன் கோயில் படியில் தெரிந்தவர்கள் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி இதுதான்: "உனக்குப் பயமா இல்லையாம்மா?"

இருக்கிறது. 31-ஆவது தடவையும் இருந்தது. விமானத்தின் கதவைத் திறந்ததும் குளிர்காற்று உள்ளே பாயும். அந்த நிமிடம் எனக்கு வாய் உலர்ந்துபோகும். ஆனால் அந்தக் கதவுவரை போய்ச் சேருவதற்குத் தரையில் எவ்வளவு நேரம் செலவாகிறது என்று யாரும் கேட்பதில்லை. அதைப் பற்றிப் பேசத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

ஹரியானாவில் நார்னௌல் பக்கம் பாச்சோத் என்று ஓர் ஊர். அங்கே ஒரு சின்ன விமான ஓடுதளம் இருக்கிறது. டெல்லியிலிருந்து குருகிராம், தாருஹேரா, ரேவாரி வழியாகப் போனால் மூன்று மணி நேரம். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். காலையில்தான் காற்று சாதுவாக இருக்கும். வெயில் ஏறினால் தரை சூடாகி, காற்று மேலும் கீழுமாகப் புரள ஆரம்பித்துவிடும். மூன்று வருடத்துக்கு முன்னால், தீபாவளி முடிந்த ஒரு வாரத்தில், தோழி ஒருத்தியுடன் அங்கே போனேன். என் முதல் குதிப்பு டேண்டம். அதாவது, பயிற்றுநரின் நெஞ்சோடு நம்மைச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். பாராசூட் அவர் முதுகில் இருக்கும். 18 வயது நிறைந்திருந்து, உடல்நிலையும் எடையும் ஒத்துக்கொண்டால் போதும். அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்துவிட்டு ஏற்றிவிடுவார்கள்.

அன்றைக்குக் கீழே எங்கே பார்த்தாலும் நம் டெல்லிக்காரர்களுக்குப் பழகிப்போன புகைமூட்டம். விமானம் சுற்றிச் சுற்றி ஏறியது. ஓர் உயரத்தில் திடீரென்று அந்தப் பழுப்பு நிறம் கோடு போட்டதுபோல் முடிந்தது. கோட்டுக்கு மேலே நீல வானம்! நவம்பரில் அப்படி ஒரு நீலத்தை நான் பார்த்து வருடக்கணக்காகிறது. ஆயிரம் அடிக்குச் சுமார் இரண்டு டிகிரி வீதம் சூடு குறையும். பத்தாயிரம் அடிக்குப் போவதற்குள் விரல் விறைத்துவிட்டது.

ராட்டினத்தில் இறங்கும்போது அடிவயிற்றில் ஒன்று சுருட்டிப் பிடிக்குமே, அதுதான் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. விமானமே மணிக்கு 150 கிலோமீட்டர் அளவில் போய்க்கொண்டிருக்கிறது. அதைவிட்டு வெளியே வரும்போது நமக்கும் அந்த வேகம் இருக்கிறது. அது மெதுவாகக் கீழ்நோக்கி வளைகிறது. அதனால் வயிற்றுக்குத் தெரிவதில்லை. பத்துப் பன்னிரண்டு வினாடியில் மணிக்கு 190, 200 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். அப்புறம் வேகம் ஏறாது. நம் எடைக்குச் சமமாகக் காற்று எதிர்த்து நிற்கும். விழுவதுபோலவே இருக்காது. ஒரு பெரிய காற்றுமெத்தையில் குப்புறப் படுத்திருப்பதுபோல் இருக்கும். காதில் மட்டும் பெரும் இரைச்சல்.

தரைக்கு வந்ததும் தோழி, "சரி, பார்த்தாச்சு, போதும்" என்றாள். எனக்குப் போதவில்லை. இன்னொருவர் முதுகில் இருக்கும் பாராசூட்டில் வந்தது மனசுக்கு ஆறவில்லை. நானே இழுக்க வேண்டும், நானே இறக்க வேண்டும்.

அதற்குப் படிப்பு இருக்கிறது. ஏ.எஃப்.எஃப். என்பார்கள். ஏழெட்டு நிலைகள். முதல் சில குதிப்புகளில் இரண்டு பக்கமும் இரண்டு இன்ஸ்ட்ரக்டர்கள் நம்மைப் பிடித்துக்கொண்டே விழுவார்கள். பிறகு ஒருவர் போதும், பிறகு யாரும் பிடிப்பதில்லை. அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் முறைப்படி 25 குதிப்புகளும் தேர்வும் முடிந்தால் 'ஏ' லைசென்ஸ். நான் அலுவலக லீவைச் சேர்த்துவைத்து, சேமிப்பையும் எடுத்துக்கொண்டு, தாய்லாந்துக்குப் போனேன். பட்டாயாவுக்குப் பக்கத்தில் ஓர் இடம். டெல்லியிலிருந்து பாங்காக் நாலு மணி நேரம்தான். வானிலை ஒத்துழைத்தால் அங்கே ஒரே நாளில் மூன்று நாலு தடவை குதிக்கலாம். இங்கே அப்படி வாய்ப்பது அபூர்வம்.

முதல் நாள் முழுவதும் விமானத்தின் பக்கமே விடவில்லை. ஒரு பலகையில் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். இடுப்பை முன்னால் தள்ளு, தலையை நிமிர்த்து, கையையும் காலையும் காற்றுக்கு விட்டுவிடு. இதற்கு ஆர்ச் என்று பெயர். உடம்பு வில்லாக வளைந்தால் காற்று நம்மைத் தானாகவே வயிறு கீழே பார்க்கத் திருப்பி வைத்துவிடும். இறகுப் பந்து எப்படிப் போட்டாலும் தக்கை கீழே பார்க்கத் திரும்பி வருவதில்லையா, அதேதான். மேலே பேசினால் கேட்காது, அதனால் கைச்சாடை. இரண்டு விரலை நீட்டினால் 'காலை நீட்டு'. கட்டைவிரலைக் கீழே காட்டினால் 'இடுப்பைத் தள்ளு'. ஆள்காட்டி விரல் வந்தால் 'இழு', கேள்வியே கிடையாது. பிறகு எண்கள். 13,000 அடியில் வெளியேறு. மணிக்கட்டில் இருக்கிற, உயரம் காட்டும் ஆல்டிமீட்டரைப் பார்த்துக்கொண்டே இரு. 6,000 வந்தால் வேறு எந்த வேலையும் வேண்டாம். 5,500-இல் கைகளைத் தலைக்கு மேலே ஆட்டிவிட்டு, வலது இடுப்புக்குப் பின்னால் இருக்கும் பிடியை உருவி வீசு. 2,500 அடிக்குள் பாராசூட் ஒழுங்காக இல்லையென்றால் அதைக் கழற்றிவிட்டு, அவசரத்துக்கு இருக்கும் இரண்டாவது பாராசூட்டான ரிசர்வை இழு.

இதையெல்லாம் அன்றைக்கு நூறு தடவையாவது செய்திருப்பேன். ராத்திரி ஹோட்டல் அறையிலும் கண்ணாடிமுன் நின்று செய்தேன். சித்திரமும் கைப்பழக்கம் என்பார்களே, அதை என் உடம்பு அந்த வாரம்தான் புரிந்துகொண்டது. 5,500 அடியில் யோசிக்க நேரம் கிடையாது. கை தானாகப் போக வேண்டும்.

இப்போது உங்களிடம் ரேடியோவில் பேசுவதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களின் ஹெல்மெட்டில் ஒரு சின்ன ரேடியோ இருக்கும். பாராசூட் விரிந்த பிறகு, கீழேயிருந்து ஒருவர் பேசிப் பேசி நம்மை இறக்கிவிடுவார். "இடது பக்கம் திரும்பு… போதும்… அப்படியே வா… இப்போது இரண்டு கையையும் இழு." அந்தக் குரலை நம்பித்தான் முதல் மூன்று தடவையும் இறங்கினேன். நாலாவது தடவை பாராசூட் அழகாக விரிந்தது. குரலுக்குக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. காற்று துணியில் உரசுகிற சத்தம் மட்டும்.

கீழே பார்த்தேன். ஓடுதளம் ரொம்பத் தள்ளி இருந்தது. அதை நோக்கித் திரும்பினால் எதிர்க்காற்று, பாராசூட் நகரவே மாட்டேன் என்கிறது. எப்படியாவது போய்விடலாம் என்று மனம் இழுத்தது. ஆனால் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள்: 2,000 அடிக்கு வந்தும் சந்தேகமாக இருந்தால், இறங்குதளத்தை மறந்துவிடு, மரமும் கம்பியும் இல்லாத ஒரு திடலைப் பார்த்துக்கொள். ஒரு பச்சை வயல் கண்ணில் பட்டது. 1,000 அடியில் காற்றின் போக்கிலேயே வயலைத் தாண்டிப் போனேன். 600 அடியில் ஒரு திருப்பம், 300 அடியில் காற்றுக்கு எதிராக முகம். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தேன், தமிழில். தரை பத்துப் பன்னிரண்டு அடியில் வந்ததும் இரண்டு பிடியையும் இழுத்து நிறுத்தி, முழங்கால் ஊன்றி விழுந்தேன்.

எழுந்து பார்த்தால் சுற்றிலும் கை விரித்த மாதிரி இலைகள். எங்கள் ராசிபுரம் பக்கம் குச்சிக்கிழங்கு என்போம், மரவள்ளி. ஜவ்வரிசிக்குப் போகிற அதே செடி, தாத்தா காட்டில் நான் ஒளிந்து விளையாடிய அதே செடி. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பயத்தில் வந்த அழுகை இல்லை அது. தொப்பி போட்ட ஓர் அம்மாள் வந்து தண்ணீர் கொடுத்தார். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவருக்குப் புரியவில்லை. செடிக்கு ஒன்றும் ஆகாமல் பாராசூட்டைச் சுருட்ட இரண்டு பேரும் சேர்ந்து பாடுபட்டோம். ரேடியோவில் பேட்டரி தீர்ந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து ஏறுவதற்கு முன்னால் "சோதித்துப் பார்த்தாச்சா?" என்று நானே கேட்டுவிடுகிறேன். கேட்பதற்குக் கூச்சப்படவே கூடாது.

அடுத்தது மடிப்பு. குதிக்கிறது ஒரு நிமிடம், பாராசூட்டை மடிக்கிறது எனக்கு முக்கால் மணி நேரம். மடித்துக் கொடுக்கக் கூலிக்கு ஆள் உண்டு. ஆனால் லைசென்ஸுக்கு நாமே மடிக்கத் தெரிய வேண்டும். அந்த நைலான் துணியில் காற்று புகாது, கையில் நிற்காமல் வழுக்கும். கயிறுகளை விரலிடுக்கில் பிரித்துக்கொண்டே துணிவரை நடந்து, மொத்தத்தையும் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். நான் மடித்த பாராசூட்டுக்குக் காற்று நிரம்பும் ஒன்பது அறைகள். ஒன்பதின் வாயையும் எண்ணி எடுத்து முழங்காலுக்கு இடையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கயிற்று வரிசைக்கும் நடுவில் துணியை இழுத்து மடிப்பு மடிப்பாக அடுக்க வேண்டும். ஸ்லைடர் என்று ஒரு செவ்வகத் துணி உண்டு, நாலு மூலையில் வளையம் வைத்தது. அதை மேலே முட்ட ஏற்றி வைக்க வேண்டும். பாராசூட் விரியும்போது அது காற்றைத் தடுத்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கும். அது மட்டும் இல்லாவிட்டால் 190 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே அடியாக விரிந்து எலும்பை முறித்துவிடும். கடைசியில் தரையில் கிடத்தி, மேலே படுத்துக் காற்றை வெளியேற்றி, பைக்குள் திணிக்க வேண்டும்.

முதல் நாள் எனக்கு வரவேயில்லை. மூன்றாவது தடவை கலைந்தபோது எரிச்சலில் கண்ணை மூடினேன். அம்மா கட்டிலோரம் நின்று கொசுவம் வைக்கிறது நினைவுக்கு வந்தது. கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே எண்ணி எண்ணி, ஒவ்வொரு மடிப்பையும் நீவிவிட்டு, கீழே குனிந்து நுனியை ஒரு தட்டுத் தட்டுவார். அதே கை வேலை. துணியை அடக்கப் பார்க்காமல் அதன் போக்கில் விட்டு நீவினேன். நின்றது.

இங்கே ஒருவரைச் சொல்ல வேண்டும். புனேயைச் சேர்ந்த ஷீத்தல் மகாஜன், 2004-இல் வடதுருவத்தில் குதித்தவர், 2011-இல் பத்மஸ்ரீ வாங்கியவர். 2018-இல் மராட்டியர்களின் ஒன்பது கஜப் புடவையைக் கட்டிக்கொண்டு 13,000 அடியிலிருந்து குதித்தார். அதுவும் பட்டாயாவில்தான். அவருக்கு முன்னால் ரேச்சல் தாமஸ். ரயில்வேயில் வேலை பார்த்தவர்; 1979-இல் ஆக்ராவில் முதல் தடவை குதித்தார்; 2002-இல் வடதுருவத்தில் இறங்கினார். அலுவலக வேலையும் குடும்பமுமாக இருந்த ஒரு பெண் இதைச் செய்திருக்கிறார் என்பது எனக்குக் கொடுத்த தைரியம் கொஞ்சநஞ்சம் இல்லை.

கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைகள் யாருக்காவது ஆசை வந்தால், முதலில் ஒரு டேண்டம் போய்ப் பாருங்கள். சளி பிடித்திருந்தால் போகாதீர்கள்; இறங்கும்போது காது அடைத்து, வலியில் உயிர் போகும். ரிசர்வை யார் மடித்தது, எப்போது மடித்தது என்று கேளுங்கள். அதற்கென்றே லைசென்ஸ் வாங்கியவர் மடித்து முத்திரை வைத்திருக்க வேண்டும். ஏ.ஏ.டி. இருக்கிறதா என்றும் கேளுங்கள். நாம் மயங்கிப்போய் எதையும் இழுக்காமல் விழுந்தாலும், குறித்த உயரத்தில் ரிசர்வைத் தானே திறந்துவிடும் சின்னக் கருவி அது. இதையெல்லாம் கேட்டால் கோபப்படுகிற இடமென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

வானிலை சரியில்லை என்றாலும் திரும்பத்தான் வேண்டும். மூடுபனிக்காக ஜனவரியில் இரண்டு தடவை ரேவாரியில் டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். வருத்தமாகத்தான் இருந்தது.

போன பிப்ரவரியில் அம்மாவும் நார்னௌலுக்கு வந்தார். மூன்று வருடம் வேண்டாம் வேண்டாம் என்றவர், தயிர்சாதம் கட்டிக்கொண்டு தானாகவே காரில் ஏறினார். அன்றைக்கு வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மேலேயிருந்து பார்த்தால் கடுகு வயல்கள் மஞ்சள் மஞ்சளாகக் கட்டம் போட்டுக் கிடந்தன. ஓரத்தில் தோசி மலை. சியவன ரிஷி தவமிருந்த மலை என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ரிஷியின் பெயரில் வந்த லேகியம் நம் எல்லோர் வீட்டு அலமாரியிலும் இருக்கிறதே, அதே ரிஷி.

நான் இறங்கி, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தபோது அம்மா ஓலைப்பாயில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. எதுவும் கேட்கவில்லை. நான் பாராசூட்டை விரித்து மடிக்க ஆரம்பித்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து வந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்: "அந்த நாலாவது மடிப்பு சரியில்லையே கண்ணு. நகரு, இந்தப் பக்கம் நான் பிடிச்சுக்கறேன்."