பேய் வந்தால் ஓடாதீங்க, போட்டோ எடுங்க!

(கறுப்புத் திரை. மழைச் சத்தம் மட்டும்.)

எதிரே பேய் வருகிறது. உங்களிடம் துப்பாக்கி கிடையாது, கத்தி கிடையாது, ஒரு கொத்து வேப்பிலைகூடக் கிடையாது. இருப்பது ஒரு பழைய கேமரா. அது கிட்டே வரட்டும் என்று நின்று படம் எடுத்தால்தான் பிழைப்பீர்கள்.

வணக்கம் மக்களே, காரைக்குடியிலிருந்து பேசுகிறேன். இன்றைக்கு ‘ஃபேட்டல் ஃப்ரேம்: மெய்டன் ஆஃப் பிளாக் வாட்டர்’ என்ற பேய் வீடியோ கேம், நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலைக் கையில் பிடித்து. ஹெட்போன் கட்டாயம்.

வரலாறு சீக்கிரம். டெக்மோ நிறுவனம் 2001-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு ஆரம்பித்த வரிசை. இந்த ஐந்தாம் பாகம் 2014-ல் நிண்டெண்டோவின் முந்தைய கன்சோலான வீ யூ-வில் வந்தது, 2021-ல் ஸ்விட்ச்சுக்கு வந்தது. கதை? ஹிகாமி மலை, காணாமல் போனவர்கள், ஓயாத மழை. போதும்.

(திரையில்: கேமரா வழியே தெரியும் பேய்)

டிவியில் விளையாடினால் பேய் அங்கே, நாம் இங்கே. கையில் பிடித்தால் அந்தத் திரையே கேமரா. அசைவுக் கட்டுப்பாட்டைப் போட்டுக்கொண்டு கன்சோலைத் திருப்பினால் குறியும் திரும்பும். பேய் தாவிப் பிடிக்கும் நொடியில் ஷட்டரை அழுத்தினால் அடி பலமாக விழும். பொருளை எடுக்கப் பட்டனை அழுத்தியே பிடிக்க வேண்டும். கை மெதுவாக நீளும். சில சமயம் இன்னொரு கை வந்து பிடித்துக்கொள்ளும்! பட்டனை விடவில்லை என்றால் தொலைந்தீர்கள்.

சரி, நான் பேச வந்த விஷயம் வீடு. முதல் பாகம் ஹிமுரோ மாளிகை என்ற பழைய வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. தள்ளுகதவு, தாள் ஒட்டிய மரச்சட்டம், மூலைக்கு மூலை திருப்பம். அந்தப் பக்கம் நிற்பது யார் என்று தெரியாது. நம் செட்டிநாட்டு வீட்டில் அந்தப் பாச்சா பலிக்குமா? முகப்பில் நின்றால் வளவு (முற்றமும் சுற்றிலும் அறைகளும் உள்ள நடுப்பகுதி), இரண்டாங்கட்டு தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்கோடு. அடுப்படியிலிருந்து பேய் கிளம்பினால், முகப்பில் உட்கார்ந்திருக்கும் ஐயா “யாரப்பா அது, சாப்பிட்டாச்சா?” என்று கேட்டுவிடுவார்.

(சிரிப்பு)

ஆனால் ஆள் இல்லாத வீடு வேறு. கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீடு ஒன்றுக்குள் மத்தியானம் போய்ப் பாருங்கள். வளவைச் சுற்றி, கல்யாணமான மகன்களுக்கென்று ஆளுக்கோர் அறை. எல்லாக் கதவிலும் பூட்டு. பங்காளிகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம் காட்சி என்றால்தான் திறப்பார்கள். முற்றத்தில் சுள்ளென்று வெயில், பத்தியில் அரை இருட்டு, தேக்குத் தூணுக்குப் பின்னால் முழு இருட்டு. இந்த விளையாட்டில் பேய்கள் தண்ணீர் சொட்டச் சொட்ட வரும். நீங்கள் நனைந்தால் ஆபத்து கூடும். அதை இங்கே வைத்துப் பாருங்கள்: ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஈரக் காலடி. வந்த தடம் இருக்கிறது, திரும்பிப் போன தடம் இல்லை. யாராவது இதை விளையாட்டாகச் செய்யுங்கள், முதல் ஆளாக வாங்குகிறேன்.

குறை உண்டு. பார்த்த இடத்துக்கே திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள், நடை ஆமை வேகம். ஆனாலும் கேமராவுக்காக வாங்கலாம்.

உங்கள் ஐயா வீட்டில் எந்த அறைக்குள் போகவே பயப்படுவீர்கள்? கமெண்டில் போடுங்கள். நல்லதாக இருந்தால் அடுத்த வீடியோ அங்கேதான், சாவியை மட்டும் வாங்கி வையுங்கள்.