இருதயத்துக்கு விட்டமின் டி மாத்திரை போதுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

மருந்தாளராக வேலை பார்க்கும் எனக்குக் கவலை தரும் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இரத்தப் பரிசோதனையில் விட்டமின் டி குறைவு என்று வந்ததும், “இதை ஏற்றிவிட்டால் மாரடைப்பு வராதாமே” என்று பலர் கேட்கிறார்கள். கேட்பதில் தவறே இல்லை. ஆனால் சிலர் கொழுப்புக்கு டாக்டர் கொடுத்த ஸ்டேட்டின் மாத்திரையை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாக இதைச் சாப்பிடுகிறார்கள். அதைக் கேட்கும்போதுதான் மனசு பதறுகிறது.

இந்த நம்பிக்கை சும்மா வந்ததல்ல. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் 1,739 பேரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்து 2008இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் விட்டமின் டி 15 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்கு இருதய நோய் கூடுதலாக வந்திருந்தது. அப்புறம் வந்த பல ஆய்வுகளும் இதையேதான் சொல்லின.

சரி, யாருக்கு விட்டமின் டி குறைகிறது? நோயால் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு, நடமாட்டம் குறைந்தவர்களுக்கு, உடல் எடை கூடியவர்களுக்கு. இருதய நோய் வர வாய்ப்பு அதிகம் உள்ளவர்களும் பெரும்பாலும் இவர்கள்தானே! காய்ச்சலில் உடம்பு சுடுகிறது என்பதற்காகக் குளிர்ந்த நீரை ஊற்றினால் காய்ச்சலின் காரணம் போய்விடுமா?

விட்டமின் டி குறைவு இருதய நோய்க்குக் காரணமா, வெறும் அடையாளமா என்பதைத் தெளிவுபடுத்த அமெரிக்காவில் வைட்டல் என்ற பெரிய ஆய்வு நடந்தது. மொத்தம் 25,871 பேர். பாதிப் பேருக்குத் தினமும் 2,000 யூனிட் விட்டமின் டி, மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனபின் கணக்கெடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இருதய நோயால் மரணம் ஆகியவை விட்டமின் சாப்பிட்டவர்களில் 396 பேருக்கு, சாப்பிடாதவர்களில் 409 பேருக்கு. வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும். நியூசிலாந்து ஆய்விலும் பலன் தெரியவில்லை. 2023இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு முதியவர்களிடம் சிறிய குறைவைக் காட்டியது. ஆனால் அதை நம்பி மருந்து எழுதும் அளவுக்கு அது உறுதியானதல்ல.

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் வெயில்தானே, பிறகு ஏன் குறைகிறது? வீவக அடுக்குமாடி புளோக்கிலிருந்து கூரை போட்ட நடைபாதை, அங்கிருந்து பெருவிரைவு ரயில், பிறகு குளிர்சாதன அலுவலகம். தோலில் வெயில் படுவதே இல்லை. கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் விட்டமின் டி உருவாகாது. நம் கருமையான தோலுக்குக் கூடுதல் நேரம் வேறு தேவை.

அதனால் குறைபாடு இருந்தால் அதைச் சரிசெய்யத்தான் வேண்டும். உணவிலுள்ள கால்சியத்தை உடம்பு ஏற்க விட்டமின் டி அவசியம், எலும்புக்கு அது முக்கியம். இருதயத்துக்குக் காப்புறுதி என்று மட்டும் நினைக்காதீர்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். ஊருக்குப் போய்விட்டு வரும்போது 60,000 யூனிட் மாத்திரைகளை வாங்கி வருகிறோம். அவை பொதுவாக வாரத்துக்கு ஒன்று, அதுவும் டாக்டர் சொல்லும் காலம் வரைதான். தினமும் விழுங்கினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும்.

இருதயத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் இரத்த அழுத்தம், எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு, சர்க்கரை, புகைப்பழக்கம் இந்த நான்கையும் பாருங்கள். உப்பையும் மறக்காதீர்கள். 2022 கணக்குப்படி சிங்கப்பூர்வாசி ஒருவர் ஒரு நாளில் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் சாப்பிடுகிறார். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பு 2,000தான். மீன் குழம்பு, ஊறுகாய், உணவங்காடியில் வாங்கும் மீ கோரேங் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

40 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர்கள் அரசின் ஹெல்த்தியர் எஸ்ஜி சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்திருந்தால், பரிந்துரைக்கப்படும் பரிசோதனைகளுக்குக் கட்டணம் இல்லை. அடுத்த முறை மருந்தகத்துக்குப் போகும்போது, ஊரிலிருந்து கொண்டுவந்தவை உட்பட வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எதைத் தொடரலாம், எதை நிறுத்தலாம் என்று டாக்டரிடமோ மருந்தாளரிடமோ கேட்ட பிறகே முடிவெடுங்கள்.

நன்றி, வணக்கம்.