அமெரிக்க அதிபர் நினைத்தால் யார் மீதும் குண்டு போடலாமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். போன காணொளியில் ஈராக் போரைப் பற்றிப் பேசியிருந்தேன் அல்லவா, அதற்கு ஒரு நண்பர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "போரை அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்குத்தான், அதாவது அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்குத்தான் என்று அமெரிக்க அரசியல் சாசனம் சொல்வதாகச் சொன்னீர்கள். அப்புறம் எப்படி சார் அதிபர்கள் இஷ்டத்துக்கு ஏமனில், சோமாலியாவில், சிரியாவில் எல்லாம் குண்டு போடுகிறார்கள்? யாரும் கேட்க மாட்டார்களா?" ரொம்ப நியாயமான கேள்வி. படித்ததிலிருந்து மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

முறைப்படி அமெரிக்கா கடைசியாகப் போர் அறிவித்தது 1942-இல். கொரியா, வியட்நாம், ஆப்கானிஸ்தான், ஈராக் எதற்கும் அப்படி ஓர் அறிவிப்பு கிடையாது. இப்போது நடப்பதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் 2001 செப்டம்பர் 14-க்குப் போக வேண்டும். இரட்டைக் கோபுரம் விழுந்து மூன்றே நாள். கிட்டத்தட்ட மூவாயிரம் பேர் செத்துப்போயிருக்கிறார்கள், நாடே கொதித்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் காங்கிரஸில் ஒரு தீர்மானம் வருகிறது. ஆங்கிலத்தில் அதன் முக்கியமான பகுதி வெறும் 60 சொல். செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டவர்கள், நடத்தியவர்கள், உதவியவர்கள், அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர்கள் என்று அதிபர் யாரைத் தீர்மானிக்கிறாரோ அவர்கள் மீது படைபலத்தைப் பயன்படுத்தலாம். கவனியுங்கள், தீர்மானிப்பவர் அதிபர். எந்த நாட்டின் பெயரும் இல்லை, எந்த அமைப்பின் பெயரும் இல்லை, முடிவு தேதியும் இல்லை. வெற்று புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்களே, அதேதான்.

மேலவையான செனட்டில் 98-க்கு 0. கீழவையில் 420-க்கு 1. எதிர்த்து விழுந்த அந்த ஒரே ஓட்டு யாருடையது? கலிஃபோர்னியா ஓக்லண்ட் பகுதியின் அப்போதைய உறுப்பினர் பார்பரா லீ. அன்று பகலில் வாஷிங்டன் தேசிய தேவாலயத்தில் நடந்த நினைவுப் பிரார்த்தனையில், 'நாம் வெறுக்கிற தீமையாக நாமே மாறிவிடக் கூடாது' என்ற பொருளில் ஒரு பாதிரியார் வேண்டிக்கொண்டார். அதையே லீ சபையில் எடுத்துச் சொல்லிவிட்டு எதிர்த்து ஓட்டுப் போட்டார். கொலை மிரட்டல்கள் வந்தன, போலீஸ் பாதுகாப்பு போட வேண்டியதாயிற்று. ஆனால் பாருங்கள், 2002 தேர்தலில் அதே தொகுதி மக்கள் அவரைப் பெரிய வித்தியாசத்தில் திரும்ப அனுப்பினார்கள். இதை நம்முடைய தொலைக்காட்சி விவாதங்களில் யாரும் சொல்வதில்லை!

இன்னொரு விஷயம். வெள்ளை மாளிகை முதலில் கேட்டது இதைவிடப் பெரிது. அமெரிக்காவுக்குள்ளேயும் படைபலத்தைப் பயன்படுத்தும் அதிகாரத்தைச் சேர்க்கச் சொன்னார்கள், தான் அதை மறுத்துவிட்டதாக அப்போது செனட்டில் பெரும்பான்மைத் தலைவராக இருந்த டாம் டேஷல் பின்னால் எழுதினார். ஆக, மறுக்க முடியும். மறுத்தும் இருக்கிறார்கள். நான் எப்போதும் சொல்கிற விஷயத்துக்கு வருகிறேன், பழைய நேயர்களுக்கு இது தெரிந்ததுதான்: அதிபர் அதிகாரத்தைப் பறித்துக்கொள்ளவில்லை. காங்கிரஸ் தானாகவே எடுத்துக் கொடுத்தது.

அந்த 60 சொல்லை வைத்துக்கொண்டு 2014-இல் ஒபாமா ஐஎஸ் மீது குண்டு போட்டார். செப்டம்பர் 11 தாக்குதலை நடத்திய அல் கொய்தாவோடு சண்டை போட்டுப் பிரிந்துபோன கூட்டம் அது! சோமாலியாவின் ஆயுதக் குழுவான அல் ஷபாபையும் இதற்குள்ளேயே கொண்டுவந்தார்கள். 2017 அக்டோபரில் நைஜர் நாட்டில் நான்கு அமெரிக்கச் சிப்பாய்கள் பதுங்கித் தாக்கியவர்களிடம் சிக்கிச் செத்தார்கள். அதன் பிறகு செனட்டர் லிண்ட்சே கிரஹாம், அங்கே ஆயிரம் வீரர்கள் இருப்பதே எனக்குத் தெரியாது என்றார். அவர் சாதாரண ஆள் இல்லை, அப்போது செனட்டின் ராணுவ விவகாரக் குழுவில் இருந்தவர். 2021 ஆகஸ்டில் காபூல் விமான நிலையக் குண்டுவெடிப்பில் இறந்த 13 அமெரிக்க வீரர்களில் சிலருக்கு வயது 20. இந்த 60 சொல் சட்டமும் அவர்களும் ஏறக்குறைய ஒரே வயது.

நண்பர் கேட்டது அதிபரைப் பற்றி. என்னைக் கேட்டால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: காங்கிரஸ் ஏன் "எங்களைக் கேட்காமல் எப்படிப் போனாய்" என்று மல்லுக்கு நிற்பதில்லை?

ஓட்டுப் போட்டால் அது பதிவில் நிற்கும், அதனால்தான். 2002 அக்டோபரில் ஈராக் போருக்கு அனுமதி தரும் தீர்மானத்துக்கு, அப்போது செனட்டராக இருந்த ஹிலாரி கிளிண்டன் ஆம் என்று போட்டார். ஜான் கெர்ரியும் போட்டார், பைடனும் போட்டார். போருக்குக் காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதம் ஒன்றும் அங்கே கிடைக்கவில்லை. அந்த ஓட்டு 2004 அதிபர் தேர்தலில் கெர்ரியைப் படாதபாடு படுத்தியது. 2008-இல் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்ற போட்டியில், தொடக்கத்திலேயே சிகாகோவில் அந்தப் போரை எதிர்த்துப் பேசியிருந்த ஒபாமா, ஹிலாரியை அதை வைத்தே குத்தினார். இதைப் பார்த்த மற்ற உறுப்பினர்கள் என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள்? நல்லபடி முடிந்தால் கைதட்டலாம், கெட்டுப்போனால் அதிபரைத் திட்டலாம், ஓட்டு மட்டும் வேண்டாம்.

மிகையாகச் சொல்கிறேன் என்று நினைத்தால் லிபியாவைப் பாருங்கள். அங்கே ஒபாமா அனுமதி கேட்காமலே குண்டு போட்டுக்கொண்டிருந்தார். 1973-இல் வந்த போர் அதிகாரச் சட்டப்படி 60 நாளுக்குள் அனுமதி வாங்க வேண்டுமே என்றால், தரைப்படை இல்லை, அதனால் அந்தச் சட்டம் சொல்கிற சண்டை இது இல்லை என்று ஒரு வாதம். சரி, காங்கிரஸ் என்ன செய்தது? 2011 ஜூன் 24, கீழவை. போருக்கு அனுமதி தரும் தீர்மானம் 295-க்கு 123 என்று தோற்றது. அதே நாள், பெரும்பாலான தாக்குதல்களுக்குப் பணத்தை நிறுத்தும் மசோதா வந்தது, அதுவும் தோற்றது! அனுமதியும் இல்லை, தடையும் இல்லை. இரண்டு வருடம் கழித்து சிரியா விஷயத்தில் ஒபாமா தானே போய் அனுமதி கேட்டபோது, அந்த ஓட்டெடுப்பு சபையில் நடக்கவே இல்லை. ரஷ்யா இடையில் வந்து சிரியா தன் ரசாயன ஆயுதத்தை ஒப்படைக்க ஒரு வழி சொன்னதும் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

அதனால் "யாரும் கேட்க மாட்டார்களா" என்றால், கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது, பணத்தை நிறுத்தினாலே போதும், ஆனால் அதற்கும் ஓட்டுப் போட வேண்டும் இல்லையா. கியூபாவில் அமெரிக்கா நடத்தும் குவாண்டனாமோ சிறையில் விசாரணை இல்லாமலே எப்படி இத்தனை வருடம் வைத்திருக்கிறார்கள் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அதற்கும் அடிப்படை இதே 60 சொல்தான், அதைத் தனியாகப் பேச வேண்டும், அடுத்த காணொளியில் எடுத்துக்கொள்கிறேன்.