கோட்டைக்குள் நடந்து போங்கள்

வணக்கம் நேயர்களே. இன்று ஹாக்வார்ட்ஸ் லெகசி என்ற வீடியோ கேமைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 2023 பிப்ரவரியில் வெளிவந்தது. கேம் பக்கமே போகாதவர்களும் கொஞ்சம் இருங்கள். வீட்டுக் கூடத்தில் பிள்ளையோ பேரப்பிள்ளையோ டிவி திரையில் துடைப்பத்தின் மேல் ஏறிப் பறந்துகொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அநேகமாக இந்தக் கேமாகத்தான் இருக்கும்.

கதை நடப்பது 1890இல், ஹாரி பாட்டர் கதைகளில் வரும் ஹாக்வார்ட்ஸ் மந்திரப் பள்ளியில். பள்ளியே ஒரு பெரிய கோட்டை. ஹாரி பாட்டர் பிறக்க இன்னும் 90 ஆண்டு இருக்கிறது. அதனால் பழகிய முகம் என்று பார்த்தால் கோட்டையில் திரியும் ஆவிகள் சில, அவ்வளவுதான். நீங்கள் நேராக ஐந்தாம் ஆண்டில் சேரும் புது மாணவர். முதல் நாள் எது எங்கே என்று தெரியாது. அந்தத் தெரியாத நிலைதான் இந்தக் கேமின் சுகம். இதைத்தான் நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்: நடந்து போங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், நடக்காமலே விளையாட இதில் வழி இருக்கிறது. ஃப்ளூ தீ என்று பச்சை நெருப்பு அங்கங்கே எரியும். ஓர் இடத்தை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் போதும், அப்புறம் வரைபடத்தில் அதை அழுத்தினால் அடுத்த நொடி அங்கே நிற்பீர்கள். ஜூரோங் ஈஸ்டில் எம்ஆர்டி ரயில் ஏறி பாசிர் ரிஸில் இறங்குகிறவர் நடுவில் உள்ள ஊரைப் பார்க்காததுபோல, இப்படித் தாவுகிறவர்கள் கோட்டையைப் பார்ப்பதில்லை. என் நண்பர்கள் பலர் கதையை முடித்துவிட்டார்கள். சமையலறை எங்கே என்று கேட்டால் தெரியவில்லை. அங்கே பழங்கள் வரைந்த ஓர் ஓவியம் மாட்டியிருக்கும். அதில் உள்ள பேரிக்காயைக் கிச்சுகிச்சு மூட்டினால் கதவு திறக்கும். உள்ளே குட்டி எல்ஃப்கள் சமைத்துக்கொண்டிருப்பார்கள். இதை எந்த நெருப்பில் தாவிப் பார்ப்பது?

ஒரு கதவைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். கோட்டையில் சில கதவுகளைச் சுற்றி விலங்கு உருவங்கள் செதுக்கியிருக்கும். கதவின் மேல் முக்கோணங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் எண். மூலைகளில் எண்ணோ விலங்கோ இருக்கும், ஒரு மூலையில் மட்டும் கேள்விக்குறி. என் அக்கா மகள் உயர்நிலை ஒன்றில் படிக்கிறாள். பள்ளி விடுமுறையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். இந்தக் கதவு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் வெகு நேரம் உட்கார்ந்திருந்தோம். இணையத்தில் விடையைத் தேடக் கூடாது என்று அவள் போட்ட சட்டம். திடீரென்று, "சித்தி, சிலந்திக்கு எத்தனை கால்?" என்றாள். எட்டு. "அந்தப் பாம்புக்கு எத்தனை தலை?" மூன்று. "யூனிகார்னுக்குக் கொம்பு?" ஒன்று. அப்புறம் என்ன, ஒவ்வொரு விலங்கும் ஓர் எண். மூன்று மூலைகளையும் கூட்டினால் நடுவில் உள்ள எண் வர வேண்டும். நடுவில் 12, ஒரு மூலையில் சிலந்தி, ஒரு மூலையில் யூனிகார்ன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 3, அதாவது மூன்று தலைப் பாம்பு. பக்கத்துச் சுவரில் உள்ள உருளையைத் திருப்பி அந்தப் பாம்பை வைக்க வேண்டும். கதவு திறந்துகொண்டது. பூஜ்யத்துக்கு எந்த விலங்கு தெரியுமா? டெமிகைஸ், மாயமாய் மறையக்கூடிய குரங்கு! இல்லாததுபோல் இருப்பதுதானே பூஜ்யம். இதை யோசித்து வைத்த மனிதரை எனக்குக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. எந்த அம்புக்குறியும் எங்களை அந்தக் கதவுக்கு அழைத்துப்போகவில்லை. நடந்ததால் கிடைத்தது.

இன்னொன்று, பருவங்கள். நமக்கு இங்கே ஆண்டு முழுக்க வெயில், மழை, மறுபடியும் வெயில். இந்தக் கேமில் கதை நகர நகரப் பருவம் மாறுகிறது. இலையுதிர்காலத்தில் பெரிய கூடத்தில் பூசணிக்காய்கள். பனிக்காலம் வந்ததும் ஹாக்ஸ்மீட் கிராமத்துக் கூரையெல்லாம் வெள்ளை. வெளியே பிளாக்குக்குக் கீழே புழுக்கமாக இருக்கும்போது, நான் அந்தக் கிராமத்துத் தெருவில் வேலையே இல்லாமல் சுற்றிக்கொண்டிருப்பேன். எங்கே போக வேண்டும் என்று கதை சொன்னாலும் போவதில்லை.

குறையும் சொல்ல வேண்டும். பிடித்ததால்தான் வருத்தமே. இது பள்ளிக்கூடம், ஆனால் பள்ளி வாழ்க்கை குறைவு. ஒவ்வொரு பாடத்திலும் ஓரிரு வகுப்புகள்தான். கால அட்டவணை கிடையாது, பரீட்சைக்குப் படிக்க வேண்டாம். நள்ளிரவில் தாழ்வாரத்தில் நடமாடினாலும், கதையில் அதற்கென்று உள்ள கட்டங்களைத் தவிர, யாரும் பிடிப்பதில்லை. நம் பள்ளிகளிலும் ஹவுஸ் உண்டே, விளையாட்டு விழாவில் தொண்டை வறளக் கத்தியிருக்கிறோமே, அந்தப் பாசம் இதில் போதவில்லை. எந்த ஹவுஸில் சேர்ந்தாலும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். ஹஃபிள்பஃப் என்ற ஹவுஸில் சேர்ந்தவர்களுக்கு மட்டும், மந்திரவாதிகளை அடைக்கும் அஸ்கபான் சிறைக்குள் போகும் ஒரு கட்டம் உண்டு. நான் ஹஃபிள்பஃப். உடம்பு சிலிர்த்தது. மற்ற மூன்று ஹவுஸுக்கும் அதே கனத்தில் ஒன்று கொடுத்திருக்கலாம்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சண்டைகளைப் பற்றியும் துடைப்பத்தைப் பற்றியும் பேச வேண்டும் என்று குறித்து வந்தேன், அதை விட்டுவிடுகிறேன். பெற்றோருக்கு ஒன்று மட்டும். மன்னிக்கவே முடியாத சாபங்கள் என்று மூன்று இருக்கின்றன. ஒன்று ஆளையே கொல்லும். அவற்றைக் கற்பதும் மறுப்பதும் விளையாடுபவர் விருப்பம். கற்றுக்கொண்டு எதிரிகள்மேல் வீசினாலும் பள்ளியில் யாரும் தண்டிப்பதில்லை. இது எனக்கு உடன்பாடில்லை. பிள்ளை அந்தக் கட்டத்துக்கு வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து, நீ என்ன செய்யப்போகிறாய் என்று கேளுங்கள்.

அப்புறம், வானியல் ஆசிரியர் பெயர் சத்யவதி ஷா. ரேவன்கிளா ஹவுஸில் அமித் தக்கர் என்று ஒரு மாணவன், நட்சத்திரப் பைத்தியம், தன் பழைய தொலைநோக்கியை உங்களுக்குக் கொடுப்பான். மலை மேட்டில் வானியல் மேசைகள் இருக்கும். இரவில் அதில் தொலைநோக்கியை வைத்து விண்மீன் கூட்டத்தைப் பொருத்திப் பாருங்கள். மேசைக்கும் நடந்தே போங்கள். வணக்கம்.