ஒரே வீதியில் எத்தனை வருஷப் பிறப்பு?

(காட்சி: கோவை. விடிகாலை. பூஜை அறையில் ஒரு தாம்பாளம்.)

வணக்கம்ங்க. சித்திரை 1 அன்று கோவைப் பக்கம் பல வீடுகளில் வருஷம் கண்ணாடியில்தான் பிறக்கிறது. முந்தின ராத்திரியே தாம்பாளத்தில் மா, பலா, வாழை, வெற்றிலை பாக்கு, கொஞ்சம் நகை, சில்லறைக் காசு வைத்து, பின்னால் கண்ணாடியைச் சாய்த்து, சரக்கொன்றைப் பூவைச் சூட்டிவிடுவார்கள். விடியும்போது அம்மாயி வந்து எழுப்புவார். "கண்ணைத் தொறந்துராத கண்ணு" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நிறுத்துவார். திறந்தால், மஞ்சள் பூவுக்கு நடுவே நம் முகம். இதுதான் சித்திரைக் கனி. வருஷத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த நிமிஷம்.

(காட்சி: புலியகுளம் விநாயகருக்குப் பழ அலங்காரம்.)

சரி, ஏன் ஏப்ரல் 14? சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் நாள் அது. ஒரு காலத்தில் பகலும் இரவும் சமமாகும் மார்ச் நாளும் இதுவும் ஒன்றாகவே இருந்தன. பூமியின் அச்சு பம்பரம்போல மெல்லத் தள்ளாடுவதால், சுமார் 72 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் விலகி, இன்று மூன்று வாரத்துக்கு மேல் தள்ளி நிற்கிறது.

பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கமும் கனிதான், விஷு. ஆனால் 2022-இல் நமக்கு 14, அவர்களுக்கு 15. காலையில் விடிந்த பிறகு சூரியன் ராசி மாறியது. தமிழ்ப் பஞ்சாங்கத்துக்குப் பொழுது சாய்வதற்குள் மாறினால் போதும். விஷுக்கனியோ அடுத்த விடியலுக்குக் காத்திருந்தது.

(காட்சி: அமாவாசை வானம், மெல்லிய பிறை.)

தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளில் உகாதி. அது நிலாக் கணக்கு. பங்குனி வாக்கில் வரும் அமாவாசைக்கு மறுநாள். வேப்பம்பூ, வெல்லம், புளி, மாங்காய், மிளகாய், உப்பு என்று ஆறு சுவையும் ஒரே பச்சடியில். கசப்பு முதல் வாயிலேயே தெரியும். நிலா வருஷம் 11 நாள் குறைவு என்பதால், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்துச் சரிக்கட்டுகிறார்கள்.

இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டு அப்படிச் சேர்ப்பதில்லை. முஹர்ரம் பிறை வருஷா வருஷம் முன்னே நகர்ந்து, சுமார் 33 வருஷத்தில் கோடை, மழை, பனி எல்லாம் சுற்றி வந்துவிடும்.

குஜராத்தி வியாபாரிகளுக்குத் தீபாவளியை ஒட்டிப் புதுக் கணக்கு. தேவாலயங்களில் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை.

அப்புறம், கனி வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கொன்றைப் பூவை 13-ஆம் தேதி சாயங்காலம் பறியுங்கள். முன்கூட்டிப் பறித்தால் விடிவதற்குள் உதிர்ந்துவிடும்ங்க.